துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒரு காசு

அக்கா ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால்தான், இந்த வயதில் நான் மெட்டல் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் நடக்க வேண்டியதாயிற்று. இல்லையென்றால் எனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து.

அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை எல்லாம் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ராஜகீழ்ப்பாக்கம் வந்து சேர்ந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஒரு வேண்டுதல் பாக்கி கீதுடா. அத்த முடிக்காம நான் அந்த டேபிள் மேல ஏறிப் படுக்க மாட்டேன்."

சின்ன வயதில் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, ஏரிக்கரை அம்மனுக்கென்று நேர்ந்துகொண்டாளாம். உண்டியலில் போடுவதற்குள் அது தொலைந்துவிட்டது. யாருக்காக நேர்ந்தாய் என்று கேட்டேன். செலுத்துகிற வரைக்கும் சொல்லக் கூடாது என்றாள். வேறு காசு போடேன், பெரிய நோட்டாகவே போடு என்றேன். எனக்குப் பொறுமை குறைவு.

"முடிஞ்ச காசுன்னா முடிஞ்ச காசுதான். ஆத்தா இன்னா கடையா வச்சிகினு கீறா, சில்லறை மாத்திக் குடுக்க?"

என்ன காசு என்று கேட்டதற்கு, தாமரை போட்ட இருபது பைசா என்றாள். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. மஞ்சளாகப் பளபளக்கும். லட்சுமி பூஜைக்கு என்று பல வீடுகளில் சேர்த்து வைப்பார்கள். வீட்டுக்குள் வைத்தால் தங்காது என்று, பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அடியில் புதைத்தாளாம். ஆடிக் கூழ் ஊற்றும்போது எடுத்துப் போடலாம் என்று இருந்தவளை முந்திக்கொண்டு, அப்பா குளியலறை கட்டுகிறேன் என்று கல்லைப் பெயர்த்து மண்ணைக் கிளறிவிட்டார். அதன் பிறகு எத்தனையோ தடவை தோண்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் நண்பன் ஒருவன், தரைக்கடியில் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்க்க ஒரு டிடெக்டர் வாங்கிப் போட்டிருந்தான். அதை இரவல் வாங்கி வந்தேன். பின்பக்கம் என்று இப்போது மிச்சமிருப்பது ஒரு தென்னையும் நாலு முழம் மண்ணும்தான். அதிலேயே ஆணி, சோடா மூடி, துருப்பிடித்த சாவி என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். மூன்றாவது மூடியைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சிரைத்தது, கோபத்தில்.

"தாமரை கெடச்சா மட்டும் கூப்புடு. சும்மா நெஞ்சைப் பதற வைக்காத."

மறுநாள் விடியற்காலையில், பனி இன்னும் தென்னை ஓலையில் சொட்டிக்கொண்டிருந்தபோது, மெஷின் வேறு மாதிரி ஒரு குரலில் கூப்பிட்டது. ஒரு சாண் ஆழத்தில் மெல்லிய தகடு ஒன்று இருந்தது. வட்டமில்லை. ஒரு பக்கம் நீண்டு, புளியங்கொட்டை போல இருந்தது. பச்சை ஏறி, தேய்ந்து, எழுத்தோ எண்ணோ எதுவும் தெரியவில்லை. தாமரை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அக்கா திட்டுவாள் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்லலாம். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்து விழும்போது அதில் மெல்லிய கோடுகள் எழும். ஒரு கோடு பாய்மரம் போல வளைந்திருந்தது. கப்பல் போட்ட ராஜா காலத்துக் காசாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் ஏரி கடல்வரை நீண்டு கிடப்பதாகவும், பம்மல் பக்கம் இறங்குகிற விமானங்கள் எல்லாம் பாய் விரித்த கப்பல்களாகத் தலைக்கு மேல் மிதந்து போவதாகவும் பகல் தூக்கத்தில் ஒரு கனவு வந்தது. விழித்தபோது காசு உள்ளங்கையில் சூடாக இருந்தது. அதன் மேலெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். என் முகத்திலும் அம்மை போட்ட குழிகள் உண்டு. சவரம் செய்யும்போதெல்லாம் சலித்துக்கொள்கிற அந்தக் குழிகளைக் காசில் பார்த்தபோது பாசம் வந்தது.

தாம்பரத்தில் பழைய காசு சேர்க்கிற சார் ஒருவரிடம் கொண்டுபோனேன். லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழசா இருக்கலாம் சார். ஆனா இது கை பட்டுத் தேய்ஞ்ச மாதிரி இல்லையே. நசுங்கின மாதிரி இருக்கு. எதுன்னு என்னால சொல்ல முடியலை."

நசுங்கியது என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. இவருக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன்.

இதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து தேதி கேட்டுப் போன் வந்துவிட்டது. கூடத்திலிருந்து சமையலறைக்கு நடக்கவே அக்கா சுவரைப் பிடித்தாள். அவள் மனதைக் கொஞ்சம் திருப்பலாம் என்றுதான், அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தவளிடம் என் ராஜா காசை நீட்டினேன்.

அவள் கை நின்றது.

"இது எங்கடா கெடச்சுது?"

"கல்லு இருந்த எடத்துலதான். ராஜா காலத்துக் காசுக்கா. கப்பல் கூட கீது பாரு."

"ராஜாவும் இல்ல, கூஜாவும் இல்ல. இது என் காசு."

"தாமரைன்னு சொன்னியே."

அவள் வாசலைப் பார்த்தாள். காக்கிச் சட்டையோடு அப்பா அங்கே வந்து நிற்கிறாரோ என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தண்டவாளத்துல வச்சேன்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்பா ரயில்வேயில் கேங்மேன். வெயிலில் தண்டவாளத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தே வாழ்ந்தவர். அதன்மேல் ஒரு கூழாங்கல் வைத்தாலும் பெற்ற பிள்ளை என்று பார்க்க மாட்டேன் என்று எங்களிடம் சொல்லி வைத்திருந்தார். அவருடைய மகள், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், அவர் காவல் காத்த தண்டவாளத்திலேயே காசு வைத்திருக்கிறாள்.

"அப்பா போயி எவ்ளோ வருஷம் ஆச்சு. இத்தச் சொல்லியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே."

"வாய் வரலடா" என்றாள். "நல்ல காசா இருந்தா மாசக் கடைசில அம்மா எடுத்துடும். பாலுக்குப் போயிடும். முன்ன ஒரு தபா அப்டித்தான் போச்சு. அதான் ரயிலுக்கு அடில குடுத்தேன். அப்பா கண்ல படக் கூடாதுன்னு கல்லுக்கு அடில பொதைச்சேன். நசுங்குன காசை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? ஆத்தா ஒருத்திதான் வாங்குவா."

சொல்லிக்கொண்டே, நான் பாய்மரம் என்று வைத்திருந்த கோட்டின்மேல் விரலை ஓட்டினாள். அது ஒரு தாமரை இதழ். ரயில் அதை இழுத்து நீட்டிவிட்டிருந்தது.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் ஏரிக்கரைக் கோயிலுக்குப் போனோம். காசு உண்டியல் வாயில் நுழையவில்லை. அக்கா அதைக் குறுக்காகத் திருப்பினாள். அந்தக் கணத்தில் அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கையைப் பிடித்து நிறுத்திவிடலாமா என்றுகூட இருந்தது. அதற்குள் அவள் காசைத் தட்டிவிட்டாள். உள்ளே விழுந்துவிட்டது.

அப்புறம் திரும்பி, என் கன்னத்துக் குழிகளைக் கட்டைவிரலால் தடவினாள். சின்ன வயதில் கூட அவள் அப்படித் தொட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"உனக்குத்தான்டா. மூஞ்சி பூரா முத்து. கண்ணே தொறக்கல நீ."

அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்குப் போன் போடு, வரேன்னு சொல்லு" என்றாள்.

நாளை காலை அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகிறார்கள். வேண்டுதலில் எல்லாம் நம்பிக்கை இல்லாதவன் நான். இன்று சாயங்காலம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து மஞ்சளில் நனைத்துக் காயவைத்தேன். அதில் ஒரு காசை முடிந்து அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். யாருக்காக என்று செலுத்துகிற வரைக்கும் சொல்லக் கூடாது.