மழை நாளில் மயில்கழுத்து

நிக்கத்தின் புறங்கையில் ஒரு சொட்டு தின்னர், பெயின்ட்டை இளக்கக் கலப்பது. கையை உதறவும் மாட்டாள், ஊதவும் மாட்டாள். நீட்டியபடி ஷெட் வாசலில் நிற்பாள். சொட்டு சில்லென்று பறந்துவிட்டால் உதட்டைப் பிதுக்குவாள். தயங்கித் தயங்கிக் காய்ந்தால் தலையாட்டுவாள். "என் கைக்குத் தெரியாதது கம்பெனிக்குத் தெரியுமாபா?" என்று கேட்பாள். டின்னில் அச்சடித்திருப்பதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கேட்பாள், அது வேறு விஷயம்.

ஐயம்பேட்டைச் சாலையில் தகரக் கூரை போட்ட ஷெட். கணவன் ரஷீத் வண்டிகளின் ஒடுக்கு எடுப்பான். பெயின்ட் அடிப்பது நிக்கத். பக்கத்தில் கம்ப்ரசர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவள் குரல் ஒரே சத்தம்தான். மழையைக்கூட எதிரில் நிற்கும் ஆளைப் போலத் திட்டுவாள். தின்னரைப் பற்றி யாராவது வாயைக் கொடுத்தால் போச்சு, டீ ஆறிவிடும்.

"வெயில் காலத்துல மெதுவா காயறது ஊத்தணும். பனிக் காலத்துல வேகமா காயறது. மழையிலதான் எல்லாரும் ஏமாந்துக்கினு இருக்காங்க! ஈரக் காத்துல வேகமா காயறதை அடிச்சியா, பெயின்ட் சில்லுனு ஆயி காத்துல இருக்கிற தண்ணியை இழுத்துக்கும். சாம்பல் பூசின மாதிரி வெளுத்துப் பூடும்."

இத்தனை தெரிந்தும் அவளை நம்பிக் கொடுத்ததெல்லாம் கீறல் வேலை, கதவு வேலைதான். முழு வண்டியை ஒரு பெண் கையில் விட ஊருக்கு மனசு வரவில்லை. எதிர்வீட்டு நெசவாளி குமாரவேலுக்குத்தான் வந்தது. வாங்கிய பழைய காரை ஷெட்டில் விட்டுவிட்டு, ஒரு பட்டுத் துண்டை விரித்துக் காட்டினார்.

"பச்சைப் பாவு, நீல ஊடை. மயில்கழுத்து. இந்தப் பக்கம் பார்த்தா ஒண்ணு, அந்தப் பக்கம் பார்த்தா ஒண்ணு. வண்டியில வருமா தங்கச்சி?"

"வரலைன்னா பெயின்ட் அடிக்கிற கன்னைத் தூக்கிக் கெணத்துல போட்டுர்றேன்ணா!"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். நாளை மறுநாள் மாகறல் கோயிலில் வண்டிக்குப் பூஜை. குமாரவேலின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கார்களில் வந்து இறங்குவார்கள். நிறம் கெட்டால் நிக்கத்துக்கு ஆயுசுக்கும் கீறல் வேலைதான். அந்த நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டது மழை.

"ஜல்தி காயறதையே ஊத்து. நேரம் இல்ல" என்றான் ரஷீத்.

"நீ ஒடுக்கைப் பாரு. இதை நான் பாத்துக்கறேன்" என்று மெதுவாகக் காயும் தின்னரைத்தான் கலந்தாள். முதல் கோட் அருமையாக உட்கார்ந்தது. ஆனால் காய வேண்டுமே! அது காயாமல் அடுத்த கோட் அடித்தால் வழிந்துவிடும். நிக்கத் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டு வாசலில் குமாரவேல் குட்டி போட்ட பூனையாக உலாத்திக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் கஞ்சி போட்ட பாவு காயவில்லை என்றால் அவர் வீட்டில் கைவசம் ஒரு வழி உண்டு. தணல் சட்டியைப் பாவுக்கு அடியில் மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். பாவம், நல்ல மனுஷன். தங்கச்சி தவிக்கிறாளே என்று, கரித் தணல் கனியும் மண்சட்டியைச் சாக்கில் ஏந்தி, தலையில் முறம் கவிழ்த்து, சாலையைத் தாண்டி வந்துவிட்டார்.

"இதைக் காருக்கு அடியில வெச்சா சட்டுனு காஞ்சுடும்மா."

ஷெட்டுக்குள் அடைந்து கிடப்பது முழுக்கத் தின்னர் ஆவி. ஒரு பொறி போதும். அவர் ஒரு காலை வாசற்படியில் வைத்தேவிட்டார்.

"யா அல்லா! வெளிய! அண்ணா, வெளிய போ!"

மனிதர் வெலவெலத்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். நிக்கத் பாய்ந்தாள். சட்டியை வெறுங்கையால் பிடுங்கி, சாலைக்கு ஓடி, மழைத் தண்ணீர் ஓடும் கால்வாயில் வீசினாள். புஸ்ஸென்று புகை எழுந்தது.

"பாவு காயவெக்கிற எடமாண்ணா இது! நீ, நானு, காரு, எல்லாம் சேந்து மேல போயிருப்போம்!"

"பட்டுக்கே ஒண்ணும் ஆவாதே தங்கச்சி..." என்று குமாரவேல் முணுமுணுத்தார். நிக்கத்துக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. சிரித்துவிட்டாள்.

"மீதியை நான் அடிக்கட்டுமா?" என்று ரஷீத் மெதுவாகக் கேட்டான். நிக்கத் அவனை ஒடுக்குப் பக்கமே தள்ளிவிட்டாள். முதல் கோட் காய்கிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு முகமூடியை மாட்டினாள், கன்னை எடுத்தாள். அடுத்த கோட், அது காய்ந்த பிறகு மேலே பளபளப்புக்குக் கிளியர். பொழுது சாய்ந்தபோதுதான் கம்ப்ரசர் நின்றது.

"அண்ணா! ஓடி வாங்கண்ணா!"

குமாரவேல் வந்தார். இம்முறை வாசற்படியிலேயே நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், ஒன்றும் கொண்டுவரவில்லையாம். நிக்கத் அவரை உள்ளே இழுத்தாள். டியூப் லைட் வெளிச்சத்தில் கார் பச்சையாக நின்றது. ஓர் அடி நகர்ந்தார், நீலம். மறுபடி நகர்ந்தார், பச்சை. சாம்பல் பூத்த இடம் ஒரு விரற்கடை இல்லை. அவள் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அவள் வலது உள்ளங்கை கண்ணில் பட்டது. தோல் சிவந்து கொப்புளித்திருந்தது.

"ஐயோ, தங்கச்சி, கை..."

நிக்கத் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக் காரின் அடுத்த பக்கத்துக்கு இழுத்தாள்.

"கை எங்கண்ணா போவுது? இப்படி வந்து பாருங்க!"