புடவைக் கவர் கலந்த சாலை

சூடு ஆறிய ஒரு ஜல்லிக்கல்லை உள்ளங்கையில் வைத்து ஏ.ஈ. மேடம் என்னிடம் நீட்டியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நெய் பூசியதுபோல் அது மின்னியது. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைப் பக்கம் புடவைக் கவர் செய்யும் கம்பெனியில் மிஞ்சும் பாலித்தீன் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, சூடான ஜல்லிமேல் தூவினால் உருகி இப்படிப் படியும். அதன்மேல் தார் ஊற்றினால் கல்லும் தாரும் எளிதில் பிரியாது, மழைநீரும் உள்ளே இறங்காது. இரண்டாயிரமாம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகள் அவை. ஓரிக்கைச் சாலையில் ஒரு பகுதியை இப்படிப் போட்டுக் காட்டுகிறேன் என்று இளம் உதவிப் பொறியாளரான மேடம் தானே பொறுப்பேற்று அனுமதி வாங்கியிருந்தார். ஜல்லியையும் தாரையும் கலக்கும் ஒப்பந்தக்காரரின் பிளான்ட்டில் நான் சூப்பர்வைசர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"ரோட்டுக்கும் கவர் போட்டு விக்கப் போறீங்களாமா?" என்று ஜல்லி கொட்டும் அக்கா கேட்டபோது, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மேடம்தான்.

மூன்றாம் நாள் கம்பெனித் துண்டு போதவில்லை. வேலை நிற்கக்கூடாதே என்று, கடையொன்றில் கழித்துப்போட்ட ஜிப் வைத்த கெட்டிக் கவர்களையும் நறுக்கிச் சேர்த்துவிட்டேன். அது பி.வி.சி. பிளாஸ்டிக்; சூட்டில் நச்சுப்புகை விடும், சேர்க்கவே கூடாது என்று மேடம் முதல்நாளே சொல்லியிருந்தார். எல்லாம் கவர்தானே என்று நான் அலட்சியமாக இருந்துவிட்டேன். சற்று நேரத்தில் நெடியோடு புகை கிளம்பியது. "கண்ணு எரியுதுபா!" என்று இருமிக்கொண்டே அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். மேடம் ஓடிவந்து பர்னரை அணைக்கச் சொன்னார். அக்காவைக் காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துப்போய்க் கண்களைத் தண்ணீரால் கழுவினார்.

அக்கா தெளிந்த பிறகுதான் மேடம் கேட்டார்: "சேர்த்தது யாரு?"

"இந்தம்மாதான் தெரியாம கொட்டியிருக்கும்," என்று அக்காவைக் காட்டினார் ஒப்பந்தக்காரர். வேலை போய்விடுமோ என்ற பயம் அக்கா முகத்தில் தெரிந்தது. எனக்கும் அதே பயம்தான்.

"நான்தான் மேடம்," என்றேன்.

அந்தக் கலவை முழுவதையும் கழிக்கச் சொன்னார் மேடம். பதிவேட்டில் என் பெயரை எழுதி, அதன்கீழே தன் பெயரையும் எழுதினார். "மூட்டையைப் பிரிச்சுப் பாக்காதது என் தப்பு," என்றார். மேலிடத்திலிருந்து அவருக்கு மெமோ வந்தது. சாலை வேலையை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அதன்பின் ஒவ்வொரு மூட்டையையும் இருவரும் பிரித்து, கையால் தொட்டுப் பார்த்தே சேர்த்தோம்.

அந்த ஐப்பசி மழையில் பக்கத்துப் பழைய சாலை குழிகுழியாகப் பெயர்ந்தது. நாங்கள் போட்ட பகுதியில் ஒரு கல்கூடக் கிளம்பவில்லை.

மறுவருடம் சின்ன காஞ்சிபுரத்தில் இதைவிட நீளமான சாலை அவருக்குக் கிடைத்தது. பிளான்ட்டில் என்னைத்தான் போட வேண்டும் என்றார்.

"தப்பு பண்ண ஆளாச்சே மேடம்?" என்றார் ஒப்பந்தக்காரர்.

"ஆமா. கேட்டதும் சொன்ன ஆளு."

இன்று சொந்தமாக பிளான்ட் நடத்துகிறேன். ஏதாவது பிசகினால் என் ஆட்கள் நேராக என்னிடமே வந்து சொல்லிவிடுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.