நமுத்த குச்சி

1. உள்ளே பார்த்துப் படித்தது

“அண்ணாச்சி, ஒண்ணும் வரல. வெள்ளையா கெடக்கு.”

துபாயிலிருந்து மீரான் பாய் போனில் சொன்னது, அண்ணாச்சி காதிலிருந்த ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. நான் செய்த முதல் பெரிய வெப்சைட்டுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான்.

அதற்குமுன் கோவில்பட்டியில் ஒரு அச்சகத்தில் தீப்பெட்டி லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். ஊருக்குள் பிரவுசிங் சென்டர் வந்தது. மற்றவர்கள் சாட் செய்ய, நான் ‘வியூ சோர்ஸ்’ அமுக்கி அடுத்தவர் பக்கத்தின் குடலைப் பார்த்துப் பாடம் படித்தேன். நோட்பேடில் டேபிள் போட்டுப் பக்கம் கட்டப் படித்தால், வேலை கேட்ட இடத்தில் “பிரேம்ஸ் தெரியுமா?” என்றார்கள். அதைப் படித்து முடித்தால், “அது பழசும்மா, பிளாஷ் தெரியுமா?” என்றார்கள். சட்டை தைத்து முடிப்பதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறது என்பார்களே, அந்தக் கதைதான்.

ஆனாலும் துணிந்து வேலையை விட்டேன். அச்சக முதலாளி சிரித்தார். “போயிட்டு வா ஜெயா. ஒன் நாற்காலி அங்கனயேதான் கெடக்கும்.” அந்தச் சிரிப்புதான் சுருக்கென்றது.

2. ஒரே லைன்

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம். அப்படி ஒரு ஆபீஸ் நடத்திய சங்கரபாண்டி அண்ணாச்சி எனக்கு வேலை கொடுத்தார். துபாயில் மீரான் பாய் வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர், அண்ணாச்சியின் சைட்டைப் பார்த்துவிட்டுத்தான் தீப்பெட்டி சாம்பிள் கேட்பார். அது நடந்தால் மற்ற ஆபீஸ்காரர்களும் என்னிடம் வருவார்கள். இல்லையென்றால் அந்த நாற்காலிதான்.

படத்தை ஆடவும் பாடவும் வைக்கிற பிளாஷைப் புதிதாகப் படித்திருந்தேன், அதை முழுவதும் அந்த சைட்டில் இறக்கியிருந்தேன். குச்சி உரசும், சுடர் எழும், லேபிள் சுழன்று வரும், பின்னால் நாதஸ்வரம். பாயின் கம்ப்யூட்டரில் பிளாஷ் ஓடுவதற்கான சாப்ட்வேர் இல்லை என்பது அந்தப் போனில்தான் தெரிந்தது.

“மேனேஜர் இன்னும் வரல. நான் தொழுதுட்டு வந்து மறுபடி பாக்குதேன். அதுக்குள்ள சரிபண்ணச் சொல்லுங்க” என்று பாய் வைத்துவிட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “ஏம்மா ஜெயா, குச்சி நமுத்துப் போச்சே.”

“அண்ணாச்சி, அவிய கம்ப்யூட்டர்லதான்...”

“நம்ம குச்சி பத்தலன்னா, காத்து சரியில்ல, கை சரியில்லன்னு வாங்குனவன்ட்ட சொல்ல முடியுமா? அடுத்த பெட்டிய வாங்கிட்டுப் போயிருவான். ஒரே உரசல்ல பத்தணும்.”

எனக்கு மனசே வரவில்லை. “எம்புட்டுக் கஷ்டப்பட்டுச் செஞ்சேன் தெரியுமா?”

“புதுச் செருப்புன்னு ஈரக் கரிசல்ல போட்டுட்டு நடந்தா செருப்பும் போவும், ஊரும் வராது. கழத்தும்மா!”

கழற்றினேன். நோட்பேடைத் திறந்தேன். ஒரு சின்ன லேபிள் படம், கம்பெனிப் பெயர், சரக்கு விவரம் நாலு வரி, போன் நம்பர். அவ்வளவுதான்.

அடுத்த வில்லங்கம் அப்புறம் வந்தது. ஆபீஸில் இருந்தது ஒரே போன் லைன். இன்டர்நெட் ஓடினால் போன் வராது. பக்கத்தை மேலே ஏற்ற ஏற்ற, அண்ணாச்சி குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

“லைன விடும்மா, பாய் கூப்பிடுவாரு!”

“லைன விட்டா அவிய எதப் பாப்பாவ? கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி!”

ஏறியது. சரியாக வந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் லைனைத் துண்டித்தேன். மூச்சு விடுவதற்குள் போன் அடித்தது. அண்ணாச்சி ரிசீவரைக் காதில் வைத்ததும் பாயிடம் கேட்டது ஒரே வார்த்தை: “பத்திருச்சா?”

பாய்க்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆபீஸில் தீப் பிடித்துவிட்டதோ என்று பதறிவிட்டாராம். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். “மேனேஜர் பாத்துக்கிட்டு இருக்காராம். சாம்பிள் கேக்காரு.”

3. கழற்றிப் போட்டவை

அச்சகத்து நாற்காலிக்கு நான் திரும்பவில்லை. அதற்குப் பிறகு டேபிள் போய் சிஎஸ்எஸ் வந்தது. கட்டியதையெல்லாம் இடித்துக் கட்டினேன். ஒரு பிரவுசரில் நிமிர்ந்து நின்ற பக்கம் இன்னொன்றில் குப்புற விழுந்தது, அதையும் படித்தேன். புதிதாக வருவதைப் படிக்காமல் இந்தத் தொழிலில் பிழைக்க முடியாது, தம்பி தங்கச்சிகளே. ஆனால் படித்ததையெல்லாம் வாடிக்கையாளர் தலையில் ஏற்றவேண்டிய கட்டாயமில்லை. என்னிடம் வேலை பார்த்த பிள்ளைகள் பக்கத்தை ஏற்றிவிட்டு, “அக்கா, பத்திருச்சு” என்றால்தான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு.

சில வருஷம் கழித்து அண்ணாச்சியே வந்து நின்றார். “ஏம்மா, சிவகாசிக்காரன் சைட்டத் தெறந்தா வாணவேடிக்கையே நடக்குது. நமக்கும் அப்படி ஒண்ணு போடு.”

“போடுதேன் அண்ணாச்சி. ஆனா நமுத்துரும்.”

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார்.

“செருப்பக் கழத்திட்டேன் தாயி” என்றார்.