அடியின் சத்தம்

கும்மிடிப்பூண்டி ரயிலில் முதன்முதலாக ஒருவனை அடித்தபோது எனக்குப் பதினெட்டு வயது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. வேறு கல்லூரிப் பையன், அவ்வளவுதான். எங்கள் ரயிலில் ஏறி எங்கள் பெட்டியில் பாட்டுப் பாடினான். மூக்கில் குத்தினேன். ரத்தம் என் விரல் இடுக்கில் ஒட்டியது. கூட இருந்தவர்கள் என் தோளில் தட்டினார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு தின்றேன்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு தலைவன் இருந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலைகள் இருப்பதால் எங்களுக்கு ஆயுதத்துக்குப் பஞ்சமே கிடையாது. வெட்டிப்போட்ட கம்பித் துண்டு ஒன்று எப்போதும் அவன் பையில் நோட்டுகளுக்கு நடுவே இருக்கும். என் அப்பாவும் அப்படியொரு ஆலையில்தான் வேலை செய்தார். அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்தாள்.

இரண்டாம் ஆண்டில் கல்லூரிக்கு ஒரு அம்மா பேச வந்தார். சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கிறவர். கருத்தரங்கக் கூடத்தில் ஏசி உண்டு, முடிவில் சமோசா கொடுப்பார்கள் என்பதால் போய் உட்கார்ந்தேன். அவர் ஒரு குறும்படம் போட்டார். காவல் நிலையத்தில் ஒருவனை அடிக்கிறார்கள். முதலில் சத்தமே இல்லாமல் ஓடவிட்டார். நடிகர்கள் கையை வீசுவது வேடிக்கையாக இருந்தது, எல்லோரும் சிரித்தோம். பிறகு சத்தத்தோடு போட்டார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஈர ஜீன்ஸைச் சிமெண்டுத் தரையில் அறைந்து அடியின் சத்தத்தைச் செய்ததாகச் சொன்னார். எலும்பு உடையும் சத்தத்துக்கு முருங்கைக்காயை ஒடித்தார்களாம்.

நான் எழுந்து கேட்டேன். "மேடம், நெஜமா அடிச்சா சத்தம் எப்படி இருக்கும்?"

என்னைத் தெரிந்தவர்கள் விசில் அடித்தார்கள். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "நீங்க யாரையாவது அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"அடிச்சிருக்கேன்."

"அப்ப நீங்கதான் எனக்குச் சொல்லணும். எப்படி இருந்துச்சு?"

எத்தனை பேரை அடித்திருக்கிறேன்! ஒரு அடியையும் நான் கேட்டதில்லை. அடிக்கும்போது என் காதில் என் ரத்தம்தான் இரைந்துகொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நான் சமோசா வாங்காமல் வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்லலாம். போனில் எல்லாச் சத்தத்தையும் பிடித்தேன். ஆலை வாசலில் லாரி கம்பியை இறக்கும் சத்தம், பாலத்தைக் கடக்கும்போது ரயிலின் அடிவயிறு போடும் சத்தம், அம்மா மீன் செதிலைச் சுரண்டும் சத்தம். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் கண்ணை மூடிக் கேட்பேன். படமே இல்லாமல் எங்கள் ஊர் தெரியும். படிப்பிலும் சண்டையிலும் வராத ஒரு சந்தோஷம் அதில் வந்தது. இதைத்தான் செய்யப்போகிறேன் என்று முடிவு செய்தேன். ஆனால் கூட்டத்தை விட்டு விலகவில்லை. விலகலாம் என்றே தோன்றவில்லை.

ஒரு நாள் காலை தலைவன் சொன்னான்: "இன்னைக்குப் பொன்னேரில ஒர்த்தன் ஏறுவான். நம்ம பசங்கள வீடியோல அசிங்கமாப் பேசிக்கீறான். நீ பின்னாடி போய் கையப் புடிச்சிக்க."

சரி என்றேன். கவரைப்பேட்டை தாண்டியதும் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்க அதை நான் போடவில்லை. அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் பிடிக்கத்தான் போட்டேன்.

அவன் ஏறினான். ஒல்லியான பையன், தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தான். நான் பின்னால் போய் இரண்டு கைகளையும் முறுக்கிப் பிடித்தேன். தலைவன் கம்பியால் முதலில் தோளில் அடித்தான், பிறகு முழங்காலில், பிறகு முகத்தில். பையன் துவண்டு என் மேல் சாய்ந்தான். அவன் உடம்பு நடுங்கியது என் நெஞ்சில் தெரிந்தது. பெண்கள் கத்தினார்கள், ஒரு பெரியவர் சங்கிலியை இழுக்க ஓடினார். மீஞ்சூரில் வண்டி நிற்பதற்குள் அவனைப் பிளாட்பாரத்தில் தள்ளிவிட்டு மறுபக்கம் குதித்து ஓடினோம்.

முள்புதருக்குள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டேன்.

அடி சின்னதாக இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கதவை மெதுவாகச் சாத்துவது போல. எலும்பு உடைந்தது கேட்கவே இல்லை. அவன் டிபன் பாக்ஸ் விழுந்து, அதன் மூடி உருண்டு உருண்டு அடங்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பிறகு அவன் குரல்: "அண்ணா வேணாண்ணா, கால் போயிடுச்சிண்ணா." அதன் மேலேயே, மைக்குக்கு மிகப் பக்கத்தில், இன்னொரு குரல். சிரிக்கிற மாதிரி ஒரு குரல். "நீ அடிண்ணா, நான் நல்லாப் புடிச்சிக்கினு கீறேன்."

அது யார் என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. தெரிந்ததும் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து, "இன்னாடா ஆச்சி?" என்றாள். போனைக் கொடுத்தேன். நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் திரும்ப ஒருமுறை போடச் சொன்னாள்.

"இது உன் கொரலு தான?"

"ஆமாம்மா."

மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து அடித்தாள். முகம், கழுத்து, முதுகு என்று பார்க்காமல் குச்சிகள் பிய்ந்து தரையெல்லாம் சிதறும்வரை அடித்தாள். நான் கையைத் தூக்கவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்தவள், முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். "நட. ஸ்டேஷனுக்குப் போலாம்."

ரயில்வே போலீசில் இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். "இதுல நீயும் கீறடா. தெரிஞ்சிதான் குடுக்கறியா?"

"தெரியும் சார்."

தலைவனோடு என்னையும் சேர்த்து உள்ளே வைத்தார்கள். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே வாங்கிய அடிகளை எழுதப்போவதில்லை. ஜாமீனில் வந்தபோது கல்லூரி என்னை ஒரு வருடம் நீக்கியிருந்தது. வந்த மூன்றாவது நாள், பகல் பதினோரு மணிக்கு, கும்மிடிப்பூண்டி பஜாரில் பழைய கூட்டாளிகள் நான்கு பேர் என்னை மடக்கினார்கள். "எந்தக் கையால போனைக் குடுத்த?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் வலது கையைக் கடைப் படியில் வைத்துச் செங்கல்லால் நசுக்கினார்கள். காய் வாங்க வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்காது.

கை கட்டோடு இருந்த நாட்களில் இடது கையால் அந்த அம்மாவுக்கு ஒரு நீண்ட செய்தி அனுப்பினேன். அவருடைய போன் நம்பரைக் கல்லூரியில் எங்கள் துறையில் முன்பே கேட்டு வாங்கியிருந்தேன். கூடத்தில் சொல்லாமல் விட்ட பதிலை எழுதினேன், கைகளைப் பிடித்துக்கொண்டவன் நான்தான் என்பது உட்பட. ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு கூப்பிட்டார்.

"படிச்சேன். உங்க மேல எனக்குக் கோபம்தான். அது போகும்னு சொல்ல மாட்டேன். ஆனா காது இருக்கு உங்களுக்கு. கை ஆறினதும் எங்க ஸ்டூடியோவுக்குக் கேபிள் சுத்த வாங்க."

போனேன். நான்கு நாள் வேலை என்று சொன்னார், இன்னும் அவரிடம்தான் இருக்கிறேன். பட்டப்படிப்பையும் முடித்தேன். சண்டைக் காட்சிகளுக்குச் சத்தம் சேர்க்கும் நாளில் மட்டும் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்கு அது தெரியும், அதற்காக என்னை வெளியே அனுப்பியதில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. போன வாய்தாவுக்கு நீதிமன்ற வராந்தாவில் அந்தப் பையன் என் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். இப்போது மீசை வைத்திருக்கிறான். தாடை ஒரு பக்கம் கோணலாக ஒட்டியிருக்கிறது. என் பக்கம் திரும்பிப் பேசினான்.

"நீ அத்த குடுத்ததுனாலதான் கேஸே நிக்குதாம். உன்ன மன்னிச்சிட சொல்லுது எங்கம்மா."

நான் தலையைக் குனிந்தேன்.

"ஆனா என்னால முடில," என்றான்.

"வேணாம்," என்றேன். "அதுக்காகக் குடுக்கல."

"பின்ன எதுக்கு?"

அதில் கேட்ட என் குரலோடு வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று சொன்னேன். அவன் அதை நம்பினானா என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். அவன் பெஞ்சைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்து முன்னால் போனான். அவன் வாசலைத் தாண்டும்வரை நின்றுவிட்டு நானும் போனேன்.