கடைசித் தாள்கள் இல்லாத நாவல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருடம் படித்தபோது, புதிதாக ஒரு பேப்பர் வந்தது: சிறுவர், இளையோர் இலக்கியம். வீட்டில் சொன்னதும் அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டுப் பெண் என்ன படிக்கிறாள் என்பது எல்லோருக்கும் அத்துப்படி. "எம்.ஏ.ல போய்க் குழந்தைக் கதை படிக்கிறாள்னா சிரிக்க மாட்டாங்களா? இலக்கியம்னு மட்டும் சொல்லு, போதும்" என்றாள்.

எனக்கே அது என்னவென்று விளங்கவில்லை. குழந்தைக்கு எழுதியதைக் குழந்தை படித்துவிட்டுப் போகட்டும், நான் எதற்கு அதற்குக் கட்டுரை எழுத வேண்டும்? 'இளையோர்' என்பது அதைவிடக் குழப்பம். எங்கள் தெருவில் ஒரு பெண் திங்கட்கிழமைவரை குழந்தை. செவ்வாய்க்கிழமை வயதுக்கு வந்துவிட்டால் புதன்கிழமை பெரியவள். நடுவில் அப்படி ஒரு பருவத்தை யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்தப் பேப்பரை நடத்திய சாரிடம் கேட்டேன். "குட் கொஸ்டின்மா, யோசிங்க" என்றார். அவருக்கும் தெரியாது என்று அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

மற்ற பேப்பர்களுக்குக் கைடு இருந்தது. உள்ளதைச் சொன்னால், கைடைப் படித்துத்தான் நாங்கள் இலக்கியம் கற்றோம். இந்தப் பேப்பருக்கு எந்தக் கடையிலும் கைடு கிடைக்கவில்லை. பாடத்தில் இருந்த நாவலுக்கோ கல்லூரி நூலகத்தில் ஒரே பிரதி. என் இங்கிலீஷ் நன்றாக இருக்கும் என்று வகுப்பில் ஒரு பெயர் இருந்ததால், நான் படித்து நோட்ஸ் எழுதுவது, மற்றவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாவலில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி. அவள் அம்மா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறாள். பெண்ணுக்குக் கோபம். தன் அறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொள்கிறாள், பக்கத்துக்குப் பக்கம் சாத்துகிறாள். எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக உட்கார பாத்ரூம் ஒன்றுதான் உண்டு. இவளைப் பார்த்துப் பரிதாபப்படுவதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று தெரியாமலே படித்தேன். கடைசியில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா இருக்கும் ஊருக்கு ரயிலேறுகிறாள். ரயில் கிளம்புகிறது. அதற்குமேல் பக்கம் இல்லை. பைண்டிங்குக்குப் போய்வந்ததில் கடைசித் தாள்கள் எங்கேயோ தொலைந்திருந்தன.

முடிவு இல்லாமல் நோட்ஸ் கொடுக்க முடியுமா? நான் அதிகம் யோசிக்கவில்லை. கோபித்துக்கொண்டு போன பெண் எங்கே போய்விடுவாள்? திரும்பி வந்தாள், அம்மா கட்டிக்கொண்டு அழுதாள், பெண் குடும்பத்தின் அருமையை உணர்ந்தாள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இது என் ஊகம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. வகுப்பே ஜெராக்ஸ் எடுத்தது. சாரும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். மறுநாள் வகுப்பில் என் வரிகளையே எனக்குப் பாடமாக நடத்தினார்.

என் நெருங்கிய தோழி மாடம்பாக்கத்திலிருந்து வருவாள். நிலமும் கடையும் உள்ள குடும்பம், அதில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் அவள். ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தால் எம்.ஃபில்., வராவிட்டால் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் அவள் என் வீட்டுக்கு வந்தாள். சிட்டியில் ஒரு நூலகத்தில் அந்த நாவலை முழுசாகப் படித்துவிட்டு நேரே வந்திருந்தாள்.

"அவ திரும்பி வூட்டுக்கு வரவே இல்லடி. அப்பாவும் வெச்சுக்கல. அத்தை வூட்ல இருந்துகினு படிக்கிறா. அம்மா லெட்டர் போடுது. அவ்ளோதான் கதை."

"அது எப்படி?"

"இன்னா எப்படி? அப்படித்தான் எழுதிக்கீது."

எனக்கு எழுதியவர் மேலேயே கோபம் வந்தது. ஒரு பெண் வீட்டைவிட்டுப் போய் நன்றாகவும் இருந்தாள் என்று சிறுவர்களுக்கு எழுதுவார்களா? "சார்கிட்டயும் என் நோட்ஸ்தான் இருக்கு. அதையே எழுதிடு" என்றேன்.

"படிச்சப்புறம் எப்படிடி மாத்தி எழுதறது?" என்றாள்.

நாவலின் முடிவைப் பற்றித்தான் பரீட்சையில் கேள்வி வந்தது. எங்கள் கல்லூரியில் விடைத்தாளைச் சாரே திருத்துவார். எனக்கு முதல் மார்க். என் நோட்ஸை ஒப்பித்தவர்களுக்கும் நல்ல மார்க். படித்த முடிவையே எழுதிய அவளுக்கு இந்தப் பேப்பர் காலை வாரியதில் ஃபர்ஸ்ட் கிளாஸ் கைநழுவியது. போய்க் கேட்டவளிடம் சார், "நாவலைப் படிக்காமலே வந்துட்டியேம்மா" என்றாராம். முடிவு என் கைச்சரக்கு என்பதை அவள் அங்கே சொல்லவில்லை. என்னிடம்தான் வந்தாள்.

"சனிக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள மார்க்கு மாறிச்சுன்னா அப்பாவை நிறுத்திடுவேன். நீ சொன்னா சார் கேப்பாரு."

சொல்லத்தான் போனேன். அவள் வராந்தாவில் நின்றாள். ஸ்டாஃப் ரூமுக்குள் என்னைப் பார்த்ததும் சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாம்மா, உன் பேப்பரைத்தான் எல்லாருக்கும் காட்டிட்டிருக்கேன். அந்த எண்டிங்கைப் பத்தி எழுதியிருந்தே பாரு, ரொம்ப மெச்சூர்டு!" பக்கத்து நாற்காலியில் இருந்த மேடமும் தலையாட்டினார்.

"தேங்க்ஸ் சார்" என்றேன். பயத்தால் வாயடைத்தது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இல்லை. அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வெளியே வந்தேன்.

"சொன்னியா?"

"சார் இல்லடி."

அவள் நின்ற இடம் ஸ்டாஃப் ரூம் ஜன்னலுக்கு நேர் எதிரே. உள்ளே சார் டீயை ஆற்றிக்கொண்டிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சரிடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.