ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வருக்குச் சேதி போகலை

சர்வர் மேய்க்கிற வேலைல, நல்ல சேதி சொல்ல யாரும் போன் பண்றதில்ல. என்னை மாதிரி மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களுக்கு இது தெரியும். எங்க மில்லுக்கு ராஜபாளையத்துல ஒரு சர்வர், ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு சர்வர். வேலை பாக்குற அம்புட்டுப் பேரோட பேரும் பாஸ்வேர்டும் ரெண்டுலயும் இருக்கும். ஒண்ணுல மாத்தினா அது இன்னொண்ணுக்குச் சொல்லணும். ஒழுங்காச் சொல்லித் தொலைச்சா எனக்கு எதுக்குத் தலைவலி?

பஸ் முந்திருச்சு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டோர்ஸ்ல கணேசண்ணன். ராஜபாளையம் மீட்டிங்குக்கு வந்தவர் இங்கேயே பாஸ்வேர்டை மாத்திட்டுத் திரும்பிப் போனார். அங்க கம்ப்யூட்டர் உள்ள விடல. நடுவுல லைன் படுத்துக்கிச்சு, பழைய பாஸ்வேர்டையே போடுங்கண்ணேன்னு சொன்னேன். போன்ல கத்தினார்: "ஏலே, நானே பஸ்ஸுல வந்து எறங்கிட்டேன், என் பாஸ்வேர்டு இன்னுமா வரலை?"

இடி விழுந்த பொறவு

ஐப்பசி இடியில ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வர் அடிவாங்குச்சு. பேரெல்லாம் இருக்கிற டிஸ்க் மட்டும் தப்பிச்சது. பார்ட்ஸ் வாங்க மேலிடம் மாசக்கணக்கா இழுத்தடிச்சது. அதுவரை அங்க உள்ளவங்களும் ராஜபாளையம் சர்வர்லதான் ஓட்டுனாங்க. அதுக்குள்ள கணேசண்ணனை மடவார் வளாகம் கோயில் பக்கம் லாரி அடிச்சு, ஆஸ்பத்திரி போற வழியிலேயே எல்லாம் முடிஞ்சுபோச்சு.

பாவி மனுசன், சிரிச்சுக்கிட்டே திட்டுவார். அவர் பேரை எடுக்கச் சொன்னப்போ, காரியமாவது முடியட்டும் சார்னு கெஞ்சினேன். மேனேஜர் சொன்னார்: "ஆளே போயாச்சு, பேரு எதுக்குப்பா சும்மா கெடக்கு?"

திரும்பி வந்த பேரு

அன்னிக்கே ராஜபாளையத்துல அழிச்சுட்டேன். ஒரு பேரை அழிச்சா, 'இது போயிருச்சு'ன்னு ஒரு குறிப்பைச் சர்வர் வச்சிருக்கும், மத்த சர்வருக்குச் சொல்றதுக்காக. கெடு தாண்டினா அந்தக் குறிப்பையும் தூக்கிப் போட்டுரும். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வர் எந்திரிச்சப்போ கெடு தாண்டியாச்சு. சாவுச் சேதி சொல்ல ராஜபாளையத்துக்கு ஞாபகமில்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வர்கிட்ட கணேசண்ணன் உசுரோடதான் இருந்தார். இருக்கிறவர் பேராச்சேன்னு ராஜபாளையத்துக்கும் தள்ளிவிட்டுருச்சு.

முதல்ல பாத்தது செல்விக்கா, அவர் சம்சாரம். அவர் போன பொறவு அதே ஆபீஸ்ல வேலை குடுத்திருந்தாங்க. மெயில் அனுப்பப் பேரு தேடுனவங்க கண்ணுல புருசன் பேரு. சேதி கேட்டு நான் ஓடிப்போனப்போ அந்தப் பேரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அழிக்கணும்க்கான்னேன். திரையில இருந்து கண்ணெடுக்காமச் சொன்னாங்க: "அவிய இல்லைன்னு இதுக்கு இன்னும் தெரியாதுல்லா தம்பி? இன்னிக்கு ஒருநாள் சொல்லாம இரேன்."

ரெண்டு ஊரையும் ஒரே பேச்சுப் பேச வைக்கத்தான் எனக்குச் சம்பளம். மறுநாள் காலைல பேச வச்சுட்டேன், சாவுச் சேதி ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வருக்கும் போய்ச் சேர்ந்துருச்சு.