சொல்தா மகளுக்கு மேடை அனுமதி

வெளிநாட்டவர் மேடையேற முன்அனுமதி பெற வேண்டும் என்பது விதி. எண்பதுகளில் பல நாட்டு இளைஞர்கள் புதுச்சேரியில் சேர்ந்து, 'நான் எந்த ஊர்?' என்று நாடகம் தயாரித்தபோது அந்த அனுமதி வழங்கும் அரசுப் பிரிவில் இருந்தேன்.

ஜெர்மானியருக்கும் ஜப்பானியருக்கும் உடனே கொடுத்துவிட்டோம். சிக்கல், அதே நாடகத்தில் நடித்த உள்ளூர் முதலியார்பேட்டைப் பெண்ணிடம்தான். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அதனால் அவளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை, பிரான்சைத்தான் பார்த்ததில்லை.

"நான் வெளிநாடா சார்? விழுப்புரத்தத் தாண்டினதே இல்ல!"

எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. டெல்லிக்கு எழுதினேன். நாடக நாள் வந்தது, பதில் வரவில்லை.

"விதியில மேடைன்னுதான சார் போட்டிருக்கு?" என்றாள்.

படித்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. பார்வையாளர் நடுவில் நின்றே முழு வேடத்தையும் நடித்தாள்.

'உள்ளூர்வாசி, அனுமதி தேவையில்லை' என்ற பதில், அவள் அப்பா பதக்கங்களோடு பிரெஞ்சு தேசிய தின ஊர்வலத்தில் நடந்த ஜூலை பதினான்காம் தேதி வந்தது.